பச்சைக்காது

காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுந்தும் தாரணி வண்டியை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற சரக்கு வண்டிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். தாரணியின் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அவசரமில்லைங்க. நிதானமா எடுங்க."

அவள் கைகூப்பி, "நன்றிங்க" என்றாள். அவர் காறித் துப்பிவிட்டு இன்னும் நாலு வார்த்தை சொன்னார். அதுவும் "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றுதான் கேட்டது. அவர் துப்பியதைத் தாரணி கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கம் ஊருக்கே விட்டுப்போயிருந்தது.

எல்லாம் இன்செவி வந்த பிறகு. மொச்சைக்கொட்டை அளவில் காதுக்குள் அடைத்துக்கொள்ளும் சாதனம். வெளியிலிருந்து வரும் பேச்சை அது நேராக உள்ளே விடாது. பிடித்து வைத்து, மனதைப் புண்படுத்தும் சொல் இருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல சொல் ஒன்றைப் போட்டு, பேசியவரின் குரலிலேயே காதுக்கு அனுப்பும். குரலில் இருக்கும் கடுப்பையும் துவைத்துவிடும். தான் பேசுவதுகூடத் தன் காதுக்குத் துவைத்துத்தான் வரும் என்பது அதன் இன்னொரு விசேஷம். ஆக, ஊரில் திட்டு வாங்கியவரும் கிடையாது, திட்டியவரும் கிடையாது. பள்ளிக்கூடம், அலுவலகம், மன்றம் எல்லா இடத்திலும் இன்செவி கட்டாயம். கழற்றிவிட்டு அலைகிறவர்களுக்குப் பச்சைக்காது என்று பெயர். குளியலறைக் கதவைத் திறந்துபோட்டுக் குளிக்கிற மாதிரியான அசிங்கம் அது.

சாதனத்தைச் செய்தவர்கள் யாரோ பொறியாளர்கள். எந்தச் சொல்லை எடுப்பது, அங்கே எதை வைப்பது என்று முடிவு செய்தவள் தாரணி. நற்சொல் வாரியத்தின் தலைவி. பள்ளிப் பாடத்தில் அவளைப் பற்றி ஒரு பக்கம் உண்டு.

அவளுடைய கதை சமூக வலைத்தளத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு சொல்மீது எரிச்சல். "லீவு நாள்ல மனைவிக்குச் சமையல்ல உதவுவேன்" என்று ஒருத்தர் பெருமையாகப் போடுவார். "அதென்னய்யா உதவி, சாப்பிடறது நீயும்தானே?" என்று நூறு பேர் பாய்வார்கள். "என் வொய்ஃப் வேலைக்குப் போகல, வீட்ல சும்மாதான் இருக்கா" என்பதற்கு ஒரு சண்டை. "ஆம்பளப் பையன் அழலாமா" என்பதற்கு ஒரு சண்டை. ரோஜாப்பூ போட்டு விடிந்ததும் விடியாததுமாக வரும் காலை வணக்கத்துக்கும், ஒன்றுமில்லாததுக்கெல்லாம் "சிரிச்சே செத்துட்டேன்" என்று எழுதுவதற்கும்கூடச் சண்டை. தாரணி தினம் ஒரு சொல்லை எடுத்து, அது யாரைக் குத்துகிறது, எப்படிக் குத்துகிறது என்று எழுதினாள். லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். அவள் எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அவளைக் கோமாளி ஆக்கக்கூடாது.

அவளுக்குள் ஒரு சொல் கிடந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. வளைகாப்புக்குப் போனால், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு தாரணி" என்பார்கள். சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டிப் போகும். முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல் வரும். மலடி. புருஷனும் ஒருநாள் சொன்னான். சொல்லிவிட்டுச் சாவகாசமாகச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். அதற்கப்புறம்தான் நறுமுகை வயிற்றில் வந்தாள். பொம்பளைப் பிள்ளை என்றதும் ஆஸ்பத்திரி வாசலில் வேறு சில சொற்கள். தாரணி குழந்தையின் காதைக் கையால் பொத்திக்கொண்டு, "உன்ற காதுல இதெல்லாம் விழவே விழாது சாமி" என்றாள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவள் புருஷனை விட்டு வந்ததும், எழுதியதும், வாரியத் தலைவி ஆனதும். நறுமுகை ஒரு கெட்ட சொல் கேட்காமல் வளர்ந்து, படித்து, பல் மருத்துவர் ஆனாள்.

முதலில் வந்த இன்செவியில் ஒவ்வொரு தடவை சொல்லை மாற்றும்போதும் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். "அந்த டிங் கேட்டாலே யாரோ திட்டிட்டாங்கன்னு தெரிஞ்சு மனசு நோவுது" என்று மக்கள் குறைப்பட்டார்கள். டிங்கை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளும் தாரணிதான்.

அன்று சிக்னலில் அவள் வண்டியை எடுக்க மறந்ததற்குக் காரணம் நறுமுகை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பெண், முன்னறிவிப்பு இல்லாமல் பட்டப்பகலில் பெட்டியோடு வந்து அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தகவல் கேட்டு வாரியத்திலிருந்து தாரணி அவசரமாக வந்து சேர்ந்தாள்.

"என்ன கண்ணு? மாப்பிள்ளை வரலையா?"

"அவரு பேசறது நல்லாத்தான் கேக்குதும்மா. வாய்தான் வேற மாதிரி போவுது."

"புரியற மாதிரி சொல்லு சாமி."

"நாள் பூரா அடுத்தவங்க வாயப் பாக்கறதுதானே என்ற பொழப்பு. வார்த்தையத் தொடங்கறப்பவே அவரு உதடு ஒட்டுது. காதுல கேக்கற வார்த்தை தொடங்கறப்ப உதடே ஒட்டாது. பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் புடிக்கற மாதிரி ஆயிருச்சு. அதான் போன வாரம் குளிச்சுட்டு இன்செவியப் போடாமயே அவரு முன்னாடி போய் நின்னேன்."

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சைக்காதோடவா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது தாரணி ஒருகாலத்தில் பத்து நாள் தொடர்ந்து எழுதி ஒழித்த வாக்கியம். ஆகவே அவள் சொன்னது அவள் காதுக்கே "பத்திரமா இரு கண்ணு" என்றுதான் கேட்டது. ஆனால் நறுமுகை இப்போதும் பச்சைக்காதோடு இருந்தாள். அம்மாவின் நிஜப் பேச்சை நினைவு தெரிந்து முதல்முறையாகக் கேட்டாள்.

பிறகு சொன்னாள்: "என்னைய மலடிங்கறாரும்மா. அவங்கம்மா முன்னாடி, சோத்துத் தட்டு முன்னாடி. ஒரு புள்ள பெத்துக் குடுக்க வக்கில்லாத தண்டத்துக்கு எதுக்குச் சோறுங்கறாரு. தெனமும்மா."

தாரணிக்குக் கேட்டது: "என்னைய இன்னும் காத்திருப்போம்ங்கறாரும்மா. அவங்கம்மா முன்னாடி, சாப்பாடு முன்னாடி. குழந்தைக்காகக் காத்திருக்கறவளுக்கு நல்லாச் சோறு போடணும்ங்கறாரு. தெனமும்மா."

"அட, இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்த?" தாரணி சிரித்தே விட்டாள். "என்னைய என்னென்ன பேசினாங்க தெரியுமா? எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ல அன்னிக்கு ஆளிருந்திருந்தா, கால்ல விழுந்திருப்பேன்."

"உனக்கு நான் சொன்னது கேக்கலம்மா." நறுமுகை அழவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அதக் கழட்டு. ஒரே ஒரு தடவ கழட்டிட்டுக் கேளு."

தாரணியின் கை காதுவரை போனது.

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? அகராதி போட்டவளே அவள்தானே. எந்தச் சொல்லை எடுத்தால் அந்த இடத்தில் 'காத்திருப்போம்' வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வாரியத்தில் எல்லாரும் வேறு வேறு சொல் சொன்னபோது, இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வைத்தவள் அவள். கேட்டதும் நெஞ்சுக்குள் எதுவோ சுருக்கென்றது. அதன்மேல் அவசர அவசரமாக ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டாள். அந்தச் சொல்லை மறுபடி கேட்க அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். அதுவும் மகளின் வாயிலிருந்து.

"அத மட்டும் கேக்காத சாமி" என்று கையை இறக்கினாள். "வேற எது வேணும்னாலும் செய்யறேன். மன்றத்துல மனு குடுப்போம். அங்க எல்லாம் பதிவு இருக்கும், ஞாயம் கெடைக்கும்."

நறுமுகை எழுதிக் காட்டப் பார்த்தாள். திரையில் எழுதினால் திரையும் திருத்தியது. பேனாவை அவள் தலைமுறை கண்டதில்லை. கடைசியில் சரி என்றாள்.

குடும்ப இணக்க மன்றத்தின் வாசலிலேயே காவலர் அவளுக்கு இன்செவியைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். நடுவர் நடுத்தர வயதுப் பெண். தாரணியைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்க எழுத்தப் படிச்சு வளர்ந்தவ நானுங்க" என்றார். எதிரில் நறுமுகையின் கணவன் நிதிலன், சலவைச் சட்டையில், கண் கலங்கி உட்கார்ந்திருந்தான்.

"நான் ஒருநாளும் அவளைத் தப்பாப் பேசுனதில்லைங்க" என்றான். பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவன் சிறுவயதிலிருந்தே கேட்டதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னால் போதும், கேட்பவருக்கு நல்லபடியாகப் போய்ச் சேரும் என்று வளர்ந்த பிள்ளை. அவனைப் போல் ஊரில் எத்தனையோ பேர். திட்டினால் யாருக்கும் வலிக்காது என்றான பிறகு நாக்கை யார் அடக்குவார்கள்?

பதிவை ஓடவிட்டார்கள். இன்செவி துவைத்த பேச்சைத்தான் சேமிக்கும். நிதிலனின் குரல் மன்றம் முழுக்கக் குழைந்தது: "இன்னும் காத்திருப்போம்." "நல்லாச் சாப்பிடு." "நீ இந்த வீட்டுக்கு வந்தது எங்க பாக்கியம்."

"இல்லைங்க" என்று நறுமுகை எழுந்தாள். "அவரு சொன்னது அதில்லைங்க. நான் சொல்றேன் கேளுங்க." ஒவ்வொன்றாகச் சொன்னாள். மலடி என்றாள், தண்டம் என்றாள், மூதேவி என்றாள். நடுவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பின்வரிசையில் ஒரு அம்மாள், "எவ்வளவு அன்பான மனுஷன் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நறுமுகை குரலை உயர்த்தினாள். அவள் கத்துவதே அவள் காதுக்கு வாழ்த்துப்பா போலக் கேட்டது. தன் குரல் தனக்கே துரோகம் செய்வதைக் கேட்டாள். அப்புறம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவு நல்ல வார்த்தைகளைச் சொல்லி ஒரு புருஷன்மேல யாரும் குற்றம் சாட்டி நான் பாத்ததில்லைங்க" என்றார் நடுவர். சிரிப்பு எழுந்தது. "தாரணியம்மா, வார்த்தையப் பத்தி உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு? நீங்களே சொல்லுங்க. இதுல புண்படற மாதிரி ஏதாவது இருக்குதுங்களா?"

தாரணி எழுந்தாள். இருக்கிறது என்று சொன்னால் போதும். 'காத்திருப்போம்' என்பது எதற்குப் பதில் என்று ஒரு வரியில் விளக்கலாம். ஆனால் அந்த வரியோடு பாடப் புத்தகத்தில் இருக்கும் பக்கம் போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. மகளின் காதில் விழாமல் காத்தேன் என்று அவள் உயிரோடு பிடித்து வைத்திருந்த ஒரே நினைப்பும் போய்விடும்.

"நல்ல வார்த்தைதானுங்க" என்றாள்.

நறுமுகை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். மனு தள்ளுபடியானது. அன்றே நிதிலன் தாரணி வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவள் பின்னாலேயே போனாள்.

அதன் பிறகு தாரணி பேசும்போதெல்லாம், "நல்லாருக்கேம்மா" என்றாள் நறுமுகை. நல்லாத்தான் இருக்காள் என்று தாரணியும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் வாரியத்தில் கூட்டம். "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதை விலக்க வேண்டுமென்று மனு வந்திருந்தது. தனிப்பட்ட விஷயத்தில் தலையிடுகிறார்களாம், எரிச்சலாக இருக்கிறதாம். உறுப்பினர்கள் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தபோது நறுமுகையிடமிருந்து குரல்செய்தி வந்தது. தாரணி காதில் வாங்கினாள்.

"அம்மா, ரொம்பக் களைப்பா இருக்கு. நீண்ட ஓய்வு எடுத்துக்கப்போறேன். உன்மேல எனக்குக் கோவமில்ல."

குரல் தெளிவாக, இனிமையாக இருந்தது. "நல்லாத் தூங்கு கண்ணு" என்று பதில் சொல்லி, கூடவே ஒரு ரோஜாப்பூவையும் அனுப்பினாள்.

விவாதம் தொடர்ந்தது. ஒரு இளம் உறுப்பினர் எழுந்து, பழைய முடிவுகளை நினைவூட்டினார். விலக்கிய சொற்களை எடுத்துக்காட்டாகச் சொன்னால், வாரியக் கூட்டத்தில் மட்டும் இன்செவி அவற்றைத் துவைக்காமல் விடும். "பட்டினியை, சாவை எல்லாம் வேடிக்கையாப் பேசறாங்கன்னு முன்னாடி ஒரு புகார் வந்துச்சுங்க. 'பசியில செத்துட்டேன்', 'சிரிச்சே செத்துட்டேன்'. அப்ப நாம சாவு வர்ற எல்லா இடத்துலயும் 'நீண்ட ஓய்வு'ன்னு வெச்சோம். அதே மாதிரி இதுக்கும்…"

தாரணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது எல்லாருக்கும் தெரிந்தது. "ஐயோ என்ற பொண்ணு!" என்று அவள் அலறியது யாருக்கும் அலறலாகக் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் வந்துடறேன்" என்று கேட்டது. எல்லாரும் புன்னகையோடு வழிவிட்டார்கள்.

அவள் நிதிலன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நறுமுகையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாரணி பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் காதைப் பார்த்தாள். அதில் இன்செவி இல்லை. எத்தனை நாளாக அதைக் கழற்றி வைத்திருந்தாளோ, எத்தனை நாளாக எல்லாவற்றையும் பச்சையாகக் கேட்டாளோ, யார் கண்டது. தாரணி தன் காதுக்குள் விரலை விட்டு இன்செவியைப் பிடுங்கி எறிந்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

கூடத்துச் சத்தம் முழுவதும் ஒன்றாக அவள்மேல் விழுந்தது.

"அடங்காத கழுதைக்கு இப்படித்தான் ஆவும்." "புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல, போனா என்ன." "தாய்க்காரி புருஷன விட்டவதானே." நிதிலன் ஓரமாக நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் தோளைத் தட்டி அவன் மாமன் சொன்னார்: "பொட்டச்சியாட்டம் அழுவாதடா. வேறொருத்தியக் கட்டிக்கலாம்." சொன்னவர் முகத்தில் கனிவு இருந்தது. ஆறுதல் சொல்வதாகவே நினைத்திருக்கிறார் பாவம். ஊரைவிட்டே துரத்திவிட்டதாகத் தாரணி நம்பிய அத்தனை சொல்லும் அங்கே இருந்தன. ஒரு எழுத்துத் தேயவில்லை. இன்னும் கொழுத்திருந்தன. கேட்பது மட்டும்தான் நின்றிருந்தது, சொல்வது ஒருநாளும் நிற்கவில்லை.

பெண்ணைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தாரணி நிதிலனுக்கு எதிரே போய் நின்றாள்.

அகராதி முழுக்க அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தச் சொல் எவ்வளவு ஆழம் போகும் என்று அளந்து வைத்தவள். அத்தனையையும் எடுத்தாள். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?" என்றாள். அவள் முதன்முதலில் விலக்கிய வாக்கியமே அதுதான். "என்ற பொண்ண வாயாலயே கொன்னுட்டு நிக்கறயே, பாவி! உன்ற வாய்ல புழு வைக்க! உன்ற வம்சம் வெளங்காமப் போக!" குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். வயிறெரிந்து நிற்கும் பெண்ணின் கடைசிச் சாபம் அது. அள்ளிய மண்ணை அவன் முகத்தில் வீசினாள்.

இது என்ன சடங்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

நிதிலன் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமியார் முன் இரண்டு கையையும் கூப்பினான். "ரொம்ப நன்றிங்க அத்தை" என்றான். "நான் நல்லாப் பாத்துக்கிட்டேன்னு உங்க வாயால சொன்னீங்களே, அது போதுங்க."

"என்ன பெருந்தன்மை பாருங்க" என்றார் யாரோ. இணக்க மன்றத்து நடுவரும் வந்திருந்தார். "பெத்த பொண்ணப் பறிகொடுத்துட்டு, மருமகன் வம்சம் தழைக்கணும்னு வாழ்த்த எத்தன பேருக்கு மனசு வரும்?" என்றார். நாலைந்து பேர் முன்னால் வந்து, தாரணி செய்ததைப் பார்த்து, ஆளுக்கொரு பிடி மண்ணெடுத்து அவன் காலடியில் மரியாதையாகத் தூவினார்கள்.

தாரணி மறுபடி கத்தினாள். "கேளுங்க! கழட்டிட்டுக் கேளுங்க! ஒரே ஒரு தடவ!" சொல்லும்போதே, இதை யார் தன்னிடம் சொன்னார்கள் என்று நினைவு வந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் தாரணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நறுமுகையின் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவளாக இருக்கலாம். பார்த்துக்கொண்டே மெதுவாகத் தன் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவள் புருஷன் அவள் முழங்கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னான். தாரணிக்கு அது அப்படியே கேட்டது.

அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்டதோ. புருஷனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.